காகிதப் பாதம்

நாளை ஈஸ்டர். புது ஷூவை மகள் லொரீனின் காலில் எவ்வளவு அழுத்தியும் குதிகால் உள்ளே போகவில்லை. ஐடெல்லாவுக்கு வியர்த்தது.

அந்த அமெரிக்கத் தென்மாநில டவுன் கடையில் வெள்ளைக்காரர்கள்தான் ஷூவைப் போட்டுப் பார்க்கலாம். கறுப்பர்கள் காலைக் காகிதத்தில் வரைந்து எடுத்துப்போக வேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

"காலைச் சரியா வரைஞ்சியா?" என்றான் கணவன் ஹோசியா.

"உங்க பொண்ணுதான் நானே வரையறேன்னு வரைஞ்சு கொடுத்தா. பெரிய ஓவியக்காரி! சொந்தக் காலையே வரையத் தெரியல."

லொரீன் தலையைக் குனிந்தாள். "சரியாத்தாம்மா வரைஞ்சேன். அது மேவிஸ் கால்."

தாயில்லாத பக்கத்து வீட்டு மேவிஸ், கிழிந்த ஷூவோடு வர வெட்கப்பட்டு, போன வருஷ ஈஸ்டர் ஆராதனைக்கே வரவில்லை.

"அப்போ நாளைக்கு நீ எதைடி போடுவே?"

"என் பழசு இருக்கேம்மா. கட்டைவிரல் மட்டும் வெளிய வந்து ஜெபம் பண்ணும்."

ஹோசியா சிரித்துவிட்டான். ஐடெல்லா சிரிக்கவில்லை. ஷூவைத் தன் ஏப்ரனால் மெல்லத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"கிளம்புடி, மேவிஸ் வீட்டுக்கு. குதிகால் நல்லா உட்காருதான்னு நானே அவ கால்ல போட்டுப் பாக்கணும்."