அடுத்தாளு

பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று டாக்டரம்மா கேட்டபோது, தமயந்தி மடியிலிருந்த மகளின் தலையைத் தடவிக்கொண்டே, "இல்லைங்க மேடம். ஆறு வயசாச்சு, அம்மான்னுகூடச் சொன்னதில்லைங்க" என்றாள். ஆட்டிசம் என்று சான்று கொடுத்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும். அதற்காகக் காலையிலிருந்து பூவிழிக்கு வராததையெல்லாம் அறை அறையாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாயே கசந்துபோயிருந்தது. டாக்டரம்மா 'பேச்சு இல்லை' என்று எழுதி முடித்ததுதான் தாமதம், பூவிழி கதவுப் பக்கம் திரும்பி ஒருமுறை செருமிவிட்டு, "அடுத்தாளு வாங்க" என்றாள். காலை முழுக்க வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு இப்போது டீ குடிக்கப் போயிருந்த ஊழியரின் அதே கரகரப்பு, அதே அலுப்பு. ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் உள்ளே வந்து, "கூப்புட்டீங்களே" என்று நின்றார்.

"பேசறாளேம்மா" என்றார் டாக்டரம்மா. அவருடைய பேனா, எழுதிய வரியின் மேல் போய் நின்றது. தமயந்தி அந்தப் பேனாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல் மகளின் காதோரம் குனிந்து, "எழுதுனத அடிச்சாலும் அடிக்கட்டும் சாமி, நீ இன்னொருக்காச் சொல்லு" என்றாள்.

பூவிழி செருமிக்கொண்டாள். "அடுத்தாளு வாங்க."

வெளியே வராந்தாவில் மொத்த வரிசையும் எழுந்து நின்றது.