புளி போட்டு விளக்கிய ரேசர்

"யாரக் கேட்டுளா இதத் தொட்ட?"

ரோச்சுக்குப் பாதி முகத்தில் சோப்பு நுரை. மீதி முகம் கோபத்தில் சிவந்து கிடந்தது. வலது கையில் ரேசரை இறுகப் பொத்திக்கொண்டு, அடுப்படி வாசலில் நின்று கத்தினார்.

மருமகள் இசபெல்லா புளிச் சக்கையால் செம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் மாதா கோயில் கொடியேற்றம். காலையிலிருந்தே சிலுவை முதல் செம்பு வரை வீட்டிலிருந்த பித்தளையையெல்லாம் புளியும் செங்கல் பொடியும் போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் எல்லா வீட்டிலும் அன்றைக்கு அதே வேலைதான். கண்ணாடி முன்னால் இருந்த மாமனாரின் ரேசரையும் எடுத்து விளக்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்திருந்தாள்.

அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

"பளபளன்னு மின்னணும்னு எவன்ளா கேட்டான்? பதினேழு வருசமா ஏறுன நெறம்! காப்பிக்கொட்ட நெறம்! இங்கிலீஷ்காரன் சாமானுக்குப் பழசாக ஆகத்தாம்ளா மதிப்பு. ஒனக்கு எங்க அதெல்லாம் தெரியப் போகுது?"

சீமைச் சரக்குதான், சந்தேகமில்லை. கெட்டிப் பித்தளை; கையில் வாங்கினால் படிக்கல் மாதிரி கனக்கும். தோணியை நடத்தும் தண்டலாக ஆட்களை வைத்துக் கொழும்புக்குப் போய்வந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன் தன் கையாலேயே கொடுத்தது என்று, வீட்டுக்கு வருகிற ஒருவரையும் விடாமல் ரோச் சொல்லுவார். காட்டுவார். ஆனால் யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

சனிக்கிழமை தவறாமல் அதற்குத் தேங்காயெண்ணெயும் விளக்குக் கரியும் குழைத்துப் பூசுவார். பிளேடு மாட்டுகிற தலைப்பகுதி எப்படிப் போனாலும் கவலையில்லை, கைப்பிடிக்குத்தான் அத்தனை உபசாரம். கல்யாணமாகி வந்த மூன்று வருடத்தில் மருமகளுக்கு அதில் கால்வாசிக் கவனிப்புக்கூடக் கிடைத்ததில்லை.

சத்தம் கேட்டு மகன் இனிகோ ஓடி வந்தான். புதுத் துறைமுகத்தில் ராத்திரி ஷிப்டு முடித்து அப்போதுதான் படுத்திருந்தான்.

"என்னப்பா, ஒரு ரேசருக்கா இந்தச் சத்தம்? எங்க, குடுங்க பாப்போம்."

கையை நீட்டினான். ரோச் தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்னத்தலே பாக்கப் போற? அதான் எல்லாம் போச்சே! ஒம் பொண்டாட்டி சொரண்டி எடுத்துட்டாளே!"

"இனிமே தொட மாட்டாப்பா."

"இனிமே என்னலே இனிமே? மரியான் மவ, அப்பனில்லாத புள்ளன்னு எரக்கப்பட்டு, ஒரு பவுனு கேக்காம எடுத்தேன் பாரு, எனக்கு வேணும்! நல்லா வேணும்!"

இதுவும் வீட்டில் வாரம் ஒருமுறை நடக்கிற பூசைதான். இசபெல்லாவின் அப்பா மரியான், ரோச்சின் தோணியில் வேலை பார்த்தவர். கொழும்பிலிருந்து திரும்பும்போது பேரலை ஒன்று அடித்து, ஆளையும் பெட்டியையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. கரைக்கு வந்து அதைச் சொன்னவரே ரோச்தான். துணிமணிகூட மிஞ்சவில்லை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுததை ஏழு வயது இசபெல்லா பக்கத்தில் நின்று பார்த்தாள். அந்த இரக்கத்தைச் சொல்லிச் சொல்லியே அவளைத் தின்கிறார் மனுஷன்.

"இவ இனிமே என் வீட்டுல இருக்கக் கூடாது. பெரியதாழையில இவ அத்த வீடு இருக்குல்லா? இன்னைக்கே போச்சொல்லு!"

"அப்பா, விடிஞ்சா கொடியேத்து..."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இவளா நானான்னு நீயே முடிவு பண்ணு!"

துறைமுகத்தில் பத்து டன் சரக்கை கிரேனில் அலட்சியமாகத் தூக்குகிறவன் இனிகோ. அப்பா முன்னால் அவனுக்கு நாக்கு எழாது. இத்தனை வயதுக்கு அது வெட்கக்கேடு, அவனுக்கும் அது தெரியும். தெரிந்து என்ன பண்ண? வழக்கம்போலப் பெண்டாட்டி பக்கம் திரும்பினான்.

"மன்னிப்புக் கேட்டுருளா. கால்ல விழு. ஒரு ரேசருக்காக வீட்ட விட்டுப் போகணுமா?"

இசபெல்லா எழுந்தாள். கையிலிருந்த புளிச் சக்கையை நிதானமாகக் கழுவினாள். ஆனால் காலில் விழவில்லை. உள்ளே போய் டிரங்குப் பெட்டியை இழுத்து, நாலு சேலையை வாரிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏளா, என்ன பண்ணுத?" என்று பதறினான் இனிகோ.

"போறேன்." காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. "அந்த ரேசரக் குடுக்கச் சொல்லுங்க. அதையும் எடுத்துட்டுப் போறேன்."

"ரேசரா? அது ஒனக்கு எதுக்கு?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. மாமனாரின் பொத்திய கையைத்தான் பார்த்தாள். இத்தனை நேரமும் தெருவே அதிரக் கத்திக்கொண்டிருந்த ரோச் இப்போது ஒரு எட்டுப் பின்வாங்கினார். கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

"கைய விரிச்சுக் காட்டுங்க மாமா, அதுல எங்கப்பா பேரு வெட்டியிருக்கு."