கன்ன மேடு

பழுதுபார்க்கும் கடையிலிருந்து திரும்பி வந்த உறையைத் திறந்து துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்த ஹால்வார்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கன்னம் பதிய வேண்டிய இடத்தில் மரம் வழுக்கிக்கொண்டு போனது.

திருப்பிப் பார்த்தார். வால்நட் மரத்தில், தோளில் பதியும் புத்தம்புதுக் கட்டை, எண்ணெய் வாசனைகூடப் போகவில்லை. ஆனால் கன்னம் பதிக்கும் மேடு வலது பக்கத்தில் இருந்தது. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு அது இடது பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

அட கிறுக்குப் பயலே! எவனோ இடதுகைக்காரன் துப்பாக்கியை என் தலையில் கட்டிவிட்டானே!

இல்லை, இரும்புப் பாகம் அவருடையதுதான். பாறையில் சறுக்கி விழுந்த வருடத்துக் கீறல் குழலில் அப்படியே இருந்தது.

குண்டு இல்லையென்று உறுதி செய்துகொண்டு விசையைத் தொட்டார். டக். தொட்டதற்கே விழுந்துவிட்டது. இவ்வளவு இலேசாகவா கேட்டோம்?

போன வருடத் துப்பாக்கி சுடும் தேர்வில் ஐந்தாவது குண்டு வட்டத்தின் விளிம்பை உரசிக்கொண்டு போனது; மயிரிழையில் தேறினார். நூறு மீட்டர் தூரத்தில் காகிதக் கலைமான், ஐந்து குண்டு, ஐந்தும் வட்டத்துக்குள் விழ வேண்டும். விசை கனம், கட்டை சரியில்லை என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இந்த வருடத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம். தேறாவிட்டால் மூஸ் மான் வேட்டை கிடையாது. இருபத்தாறு வருடமாக அவர் நின்ற சதுப்பு ஓரத்தில் வேறொருவன் நிற்பான். அவர் குடிசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் காபி காய்ச்ச வேண்டியதுதான்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் சீவெர்ட்டைப் போனில் பிடித்தார்.

"ஏம்ப்பா சீவெர்ட், கட்டைய மாத்தச் சொன்னா என் தோளையே மாத்திட்டியே?"

"என்னைத் திட்டாதீங்க. உங்க வீட்டம்மா மாரித் வந்து இடது தோளுக்குன்னு சொன்னாங்க. கை அளவுகூட எழுதிட்டு வந்தாங்க. இடது கை விரலுக்குப் பழக்கம் இல்ல, விசை இலேசா இருக்கட்டும்னாங்க. நீங்க சொல்லி அனுப்பினதுன்னுல்ல நினைச்சேன்!"

மாரித்தா? முப்பத்தைந்து வருட இல்வாழ்க்கையில் அவள் சீவெர்ட் கடை வாசலை மிதித்ததே இல்லையே!

கை அளவு என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. வசந்த காலத்தில் ஸ்வெட்டர் பின்னப் போவதாகச் சொல்லி, நாடாவைப் பிடித்து இடது கையை மட்டும் அளந்தாள். ஸ்வெட்டர் இன்றுவரை வரவில்லை.

கேலி செய்கிறாளா? வேட்டைக்கே போகவிடாமல் தடுக்கப் பார்க்கிறாளா? எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டுச்சந்தாக இருந்தது.

வேறு வழி தெரியாமல் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினார்.

கன்னம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஜன்னலுக்கு வெளியே, வயலுக்கு அப்பால் நின்ற பிர்ச் மரத்தின் இலைகள் துப்பாக்கியின் தொலைநோக்கியில் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

துப்பாக்கியை இறக்காமல் மறுபடி மறுபடி அந்த இலைகளையே பார்த்தார்.

இரண்டு வருடமாக அவர் வலது கண்ணின் நடுவில் சாம்பல் நிறப் புகை. எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்க்கிற பொருள்மேலேயே போய் நிற்கும். காருக்கு டயர் மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் நகரத்துக் கண் மருத்துவரிடம் போய்வந்தார். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

மாரித் சமையலறைக்குள் வந்தாள். துப்பாக்கியைப் பார்த்தாள், அது எந்தத் தோளில் இருக்கிறது என்பதையும் பார்த்தாள். காபியை ஊற்றி மேசைமேல் வைத்தாள்.

"தேர்வுக்கு முன்னாடி முப்பது குண்டு சுட்டுப் பழகணுமில்ல? ஆறிடப் போகுது, குடிச்சிட்டுக் கிளம்பு."

கோப்பைக்குக் கை நீட்டியபோதுதான் கவனித்தார். அது அவருடைய நல்ல கண்ணின் பக்கம், இடது பக்கத்தில் இருந்தது. உப்பும் அங்கேதான் இருந்தது. வெண்ணெயும், ரொட்டிக் கத்தியும்கூட.

எவ்வளவு நாளாக இப்படி வைக்கிறாள் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை.