திரையில் இரண்டு

ஒருமுறை வேலை பார்க்கும் கட்டடத்தின் லிஃப்டில் ஒரு மணி நேரம் தனியாக மாட்டிக்கொண்டதிலிருந்து, அதன் மணிச் சத்தம் கேட்டாலே தையல்காரிக்குக் கை கால் உதறும். எட்டு வருடமாக ஐந்து மாடியும் படிதான். முழங்கால் தேய்ந்து, வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் நிலை.

“மணியையும் பயத்தையும் உங்க மனசு சேர்த்து முடிச்சுப் போட்டு வச்சிருக்கு. நீங்க படிப்பக்கம் ஓடித் தப்பிக்கிறப்பல்லாம் அந்த முடிச்சு இறுகுது. கொஞ்சம் கொஞ்சமா அவிழ்ப்போம்,” என்றார் மனநல ஆலோசகர்.

முதல் வாரம் திறந்த லிஃப்டில் சும்மா நின்றாள். அடுத்த வாரம் ஒரு மாடி. ஏழாவது வாரம் ஐந்து மாடியும் தன்னந்தனியாகப் போய் வந்தாள்.

“உள்ள எத்தனை பேர்னு ஒரு திரையில காட்டுமுங்க. நான் மட்டும்தான் போறேன். தினமும் ரெண்டுன்னு காட்டுது,” என்றாள் ஆலோசகரிடம்.

“பயம் பத்துக்கு எவ்வளவு?”

“பூஜ்யம்.”

“அப்புறமென்ன, குணமாயிட்டீங்க!”

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. மறுநாள் காலை ஏறியபோது திரையில் ஒன்று என்று இருந்தது. கதவு மூடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“மெதுவா வாங்க, அவசரமில்ல.”

இரண்டு ஆனதும், சற்று ஒதுங்கி இடம்விட்டு, ஐந்தை அழுத்தினாள்.