வீரவாசம் விலைபோன கதை

“எலி மருந்தா சார் இது?”

“ஆம்பளைங்க சென்ட்யா! பேசாம படத்தை எடு.”

முப்பது வருடங்களுக்கு முன் போட்டோகிராபரும் என் கணவரும் பேசிக்கொண்டது இது. தரை துடைக்கத் தயாரித்த திரவத்தில் தரையே கறுத்துப்போனதால், பாட்டிலை மாற்றி ‘வீரவாசம்’ என்று பெயர் வைத்துவிட்டார் இவர். மாடலுக்குச் செலவழிக்க மனசில்லாமல் தானே நின்றார். ஒரு பெண் கண் செருகி இவர் மார்பில் சாயும் அந்தப் படம் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. அதை நம்பி வாங்கிய ஏமாளிகளுக்குப் பஸ்ஸில் பக்கத்து சீட் எப்போதும் காலிதான்.

இன்று எங்கள் மகன், தான் விரும்பும் பெண்ணிடம் சம்மதம் கேட்கக் கிளம்பினான். இவர் பாட்டிலோடு ஓடிவந்தார்.

“நல்லா அடிச்சுக்கோடா. படத்துல அவ எப்படிச் சொக்கி விழுந்தா, பாத்தேல்ல?” என்னைப் பார்த்துக் கண் சிமிட்டல் வேறு.

“அப்பா, வேணாம்ப்பா...” பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

நான் பாட்டிலைப் பிடுங்கினேன்.

“நான் ஒண்ணும் சொக்கி விழலைங்க, மூச்சு முட்டி விழுந்தேன். முழிச்சுப் பாத்தா, எங்கப்பாகிட்ட நீங்க பொண்ணு கேட்டுட்டிருந்தீங்க. அவனை விடுங்க. நீங்களும் இனிமே வெறும் சோப்பு போட்டுக் குளிங்களேன், ப்ளீஸ்!”