உமரி வீட்டுச் சுத்தம்

உப்பளத்தை ஒட்டிய சேற்றில் ஓர் உமரிச் செடி இருந்தது. அதன் வேரடியில் ஒரு நண்டு வளை தோண்டிக் குடியிருந்தது. வளை வழியாகத்தான் வேருக்குக் காற்று போகும். உமரி உதிர்க்கும் இலைதான் நண்டுக்குச் சாப்பாடு.

தொழிற்சாலைக் கால்வாயில் ஈயம் கலந்து வந்தபோது உமரி பதறவில்லை. மிஞ்சிய உப்பை அனுப்புவது போலவே அதையும் கிழட்டு இலைகளுக்கு அனுப்பியது. இலை சிவந்ததும் உதிர்த்துவிட்டது.

"அக்கா, இப்பல்லாம் உன் இலையைத் தின்னா கால் மரத்துப்போகுது" என்றது நண்டு.

"மெல்லாம முழுங்கினா அப்படித்தான். என்னைப் பாரு, எவ்வளவு பச்சையா இருக்கேன்!"

"இருக்கற விஷத்தையெல்லாம் என் வாசல்ல கொட்டிட்டா பச்சையாத்தான் இருப்பே."

"வீட்டைச் சுத்தமா வச்சிக்கறது குத்தமா? பிடிக்கலைன்னா தின்னாதே."

"வேற என்னத்தைத் தின்ன?"

"அது உன் பாடு."

சில நாளில் வளை சரிந்து மூடிக்கொண்டது. தோண்ட யாரும் வரவில்லை. சேறு இறுகியது. உமரிக்கு மூச்சு முட்டியது.

"தம்பி! டேய் தம்பி!"

மூடிய வளைக்குள் எதுவும் அசையவில்லை.

"இத்தனை நாள் சோறு போட்டேன். சொல்லாமப் போயிட்டான் பாரு" என்று பக்கத்துச் செடியிடம் குறைப்பட்டுக்கொண்டது உமரி, மூச்சு வாங்கியபடி.