முதலில் எலி

“சேர், பப்பாசிப்பழம் பூசின பன்னிரண்டு எலியிலை ஒன்பதுக்கு எரிகாயம் ஆறிட்டுது. பூசாத எலியள் இன்னும் அப்பிடியே கிடக்குது,” என்றாள் நகுலேஸ்வரி.

ஆய்வுகூடத் தலைவர் வில்வராசா குறிப்பேட்டைப் புரட்டினார்.

“நல்லது பிள்ளை. இன்னும் ரெண்டு தரம் செய்து பாரும்.”

“தம்பிக்கு எழுதட்டே, சேர்?”

தம்பி வன்னியில் டொக்டர். போர்த்தடையால் அவனுடைய ஆஸ்பத்திரிக்கு எரிகாய மருந்து போகாமல் நாலு மாதமாகிறது.

“விசர்க்கதை கதையாதையும். முதலிலை எலி. பிறகு கமிட்டியின்ரை அனுமதி. அதுக்குப் பிறகுதான் மனிசர். ஒரு பிழை வந்தால் ஆர் பொறுப்பு?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் எழுதவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கி வீட்டைத் திறந்தபோது, கதவடியில் தம்பியின் கடிதம் கிடந்தது.

“அக்கா, எலிக்குப் பப்பாசி பூசிப் பார்க்கப் போறன் எண்டு தை மாதம் எழுதினனீ. நான் காத்திருக்கேல்லை. நாற்பத்தொரு பேருக்குப் பூசினன். முப்பத்தாறு பேருக்குத் தோல் மூடிட்டுது. ஐஞ்சு பேர் செத்துப் போயிட்டினம். உன்ரை எலியளுக்கு எப்பிடி?”